நோயாளியிடம் பேசும்போது கூட இருந்து பாருங்கள்: எம்.டி. மனநல மருத்துவத் தேர்வு குறித்து ஒரு திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்துக்கும், தேர்வுகளை நடத்தும் மருத்துவப் பல்கலைக்கழகங்களின் தேர்வுத் துறைகளுக்கும்:

எம்.டி. மனநல மருத்துவத்தை ஒருவர் மூன்றாண்டு படித்து, தேர்வில் தேறி, நிபுணர் என்ற பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம். அவர் ஒரு நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை அந்தத் தேர்வில் ஒரு தேர்வாளர்கூட உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டியதில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்று விதி சொல்லவில்லை. விதி சொல்லாததால் பெரும்பாலான இடங்களில் யாரும் பார்ப்பதும் இல்லை.

2023 டிசம்பர் இறுதியில் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளில் இதற்கு ஒரு வழி பிறக்கும் என்று எதிர்பார்த்தோம். வருகைப்பதிவு 80 சதவீதம், ஆய்வேடு, ஆராய்ச்சி முறைப் பயிற்சி, மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம், மாநாட்டில் ஒரு கட்டுரை அல்லது போஸ்டர் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு இருக்கிறது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடக்கும் பேச்சுக்கு மட்டும் கணக்கு இல்லை. இந்தத் துறையைக் கற்பிப்பவர்களும் தேர்வு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தவர்களுமான எங்களால் இதைப் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

செய்முறைத் தேர்வில் ஒரு நோயாளியை முழுமையாக விசாரித்து எடுத்துரைக்கும் லாங் கேஸ் நாள் எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். காலையில் ஆளுக்கு ஒரு நோயாளி ஒதுக்கப்படுவார். வார்டின் ஓரத்திலோ புறநோயாளிப் பிரிவின் காலி அறையிலோ நோயாளி, கூட வந்த உறவினர், தேர்வு கொடுக்கும் மருத்துவர் என்று மூன்று பேர் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருப்பார்கள். அந்த நேரத்தில் தேர்வாளர்கள் வேறு அறையில் இருப்பார்கள். பிறகு மருத்துவர் தாள்களை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து, பெயர், வயது, தகவல் சொன்னவர் யார், அது நம்பத்தக்கதா, முறையீடுகள், அவற்றின் காலம், குடும்ப வரலாறு, நோய்க்கு முந்தைய குணம், மனநிலைப் பரிசோதனை, நோய் முடிவு என்று ஆங்கிலத்தில் வாசிப்பார். கேள்விகள் அங்கே தொடங்கும். சில தேர்வாளர்கள் எழுந்துபோய் நோயாளியைப் பார்ப்பதுண்டு. "குரல் கேக்குதான்னு இவர்கிட்ட கேளுங்க" என்று ஒரு கேள்வி, ஓரிரண்டு நிமிடம், அவ்வளவுதான். அதுவும் அந்தத் தேர்வாளரின் விருப்பத்தைப் பொறுத்தது.

பொது மருத்துவத்திலும் லாங் கேஸ் இப்படித்தானே நடக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே மாணவர் இதயத்தில் முணுமுணுப்பு கேட்டதாகச் சொன்னால் தேர்வாளர் தன் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிடலாம். மண்ணீரல் மூன்று விரல் கீழே இறங்கியிருக்கிறது என்றால் கை வைத்துப் பார்த்துவிடலாம். மாணவர் எப்படித் தொட்டார் என்பதால் மண்ணீரலின் அளவு மாறுவதில்லை. எங்கள் துறையில் கேள்வி மாறினால் பதில் மாறும், பதில் மாறினால் நோயின் பெயரே மாறும். மேசைக்கு வருவது மாணவர் வடிகட்டி, மொழிபெயர்த்து, வரிசைப்படுத்திய கதை. அது எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பதை அறிய வழியே இல்லை.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். வாசிக்கப்படும் எல்லாத் தாள்களிலும் மனநிலைப் பரிசோதனையின் நடுவில் ஒரு வரி வரும்: "தற்கொலை எண்ணம் இல்லை." இந்த வரிக்குப் பின்னால் மூன்று விதமான பேச்சு இருந்திருக்கலாம். கேள்வியே கேட்காமல் பழக்கத்தில் எழுதியிருக்கலாம். "அந்த மாதிரி தப்பான எண்ணமெல்லாம் ஒண்ணும் வரலையே?" என்று கேட்டிருக்கலாம். இப்படிக் கேட்டால் எதிரே இருப்பவர் "சேச்சே, இல்லைங்க" என்றுதான் சொல்வார். வேண்டிய பதிலைக் கேள்வியே சொல்லிவிட்டது. போதாததற்கு 'தப்பு' என்றும் தீர்ப்பெழுதிவிட்டது. பக்கத்தில் மாமியார் வேறு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது, உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தூக்கத்தில் தொடங்கி, "வாழ்ந்து என்ன பிரயோஜனம்னு எப்பவாவது தோணியிருக்கா?", "காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு?", "அதைப் பத்தி யோசிச்சிருக்கீங்களா?", "இதுக்கு முன்னாடி எப்பவாவது?", "இப்போ எது உங்களைப் பிடிச்சு வச்சிருக்கு?" என்று படிப்படியாக இறங்கிப் போயிருக்கலாம். மூன்று மாணவர்களின் தாளிலும் அந்த ஒரே வரிதான் இருக்கும். மூவருக்கும் ஒரே மதிப்பெண். எங்கள் துறையில் உயிர் போகும் தவறு நடக்கும் இடம் இது. தேர்வு அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது.

அடுத்தது குடி. "தினமும் 180 மில்லி பிராந்தி" என்று தாளில் எழுதியிருக்கும். நோயாளி சொன்னது பெரும்பாலும் "ஒரு கட்டிங் போடுவேன்" என்பதாக இருக்கும். கட்டிங் என்றால் குவார்ட்டரில் பாதி, 90 மில்லி. காலையில் ஒன்று, வேலை முடிந்து ஒன்று, படுக்கும்முன் ஒன்று என்பதைக் கேட்டு வாங்கினால்தான் 270 மில்லி என்ற கணக்கு வரும். 42.8 சதவீதச் சாராயத்தில் ஒரு குவார்ட்டருக்கு 60 கிராம் ஆல்கஹால் என்று வைத்தால், இது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 கிராம். காலையில் குடிப்பது கை நடுக்கத்துக்காகவா, கூட்டாளி வாங்கித் தருவதாலா என்று கேட்டால்தான் அடிமைத்தனமா என்பது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்ற கேள்வி. குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாளில்தான் பிதற்றலும் நடுக்கமும் சேர்ந்த நிலை வரும். கடைசிக் குடியின் நேரத்தைக் கேட்காதவர் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் இரவு அவசரப் பிரிவில் பார்ப்பார். மேசையில் அடிமைத்தனத்தின் இலக்கணங்களை வரிசையாக ஒப்பித்தவர் வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்டாரா என்று யாருக்குத் தெரியும்?

இன்னும் நுணுக்கமான ஒன்று. நோயாளி சொல்கிறார்: "நான் நினைக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது சார்." மாணவர் உடனே 'தாட் பிராட்காஸ்டிங்' (தன் எண்ணம் பிறருக்கு ஒலிபரப்பாகிறது என்ற உணர்வு) என்று எழுதி, சிஸோஃப்ரினியாவைக் காட்டும் முதல்தர அறிகுறி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அந்த முடிவுக்கே போய்விடுகிறார். "எப்படித் தெரிஞ்சுபோகுது?" என்று ஒரு கேள்வி மேலே கேட்டிருந்தால், "மூஞ்சியப் பார்த்தாலே கண்டுபிடிச்சுடுறாங்க, நான் வெட்கப்படுறது தெரியுதுல்ல" என்று பதில் வந்திருக்கலாம். அப்படியென்றால் அது கூச்சத்தால் வரும் பதற்றமாக இருக்கலாம். "நான் நினைச்ச உடனே ரேடியோ மாதிரி வெளியே போயிடுது, தெருவுல நிக்கிறவன் கேட்டுட்டு சிரிக்கிறான்" என்று வந்திருந்தால் விஷயம் வேறு. இரண்டுக்கும் மருந்து வேறு, வருடக்கணக்கு வேறு, குடும்பத்திடம் சொல்ல வேண்டியதும் வேறு. அந்த இரண்டாவது கேள்விதான் மூன்றாண்டுப் படிப்பு. மேசைக்கு வருவதோ இரண்டு ஆங்கிலச் சொற்கள்.

"செய்வினை வச்சுட்டாங்க" என்பதும் அப்படித்தான். ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் போய்விட்டு எங்களிடம் வரும் குடும்பங்கள் ஏராளம். செய்வினையை நம்புவது அந்த வீட்டில் எல்லோருக்கும் பொதுவா, இல்லை இவர் மட்டும் ஊரே சேர்ந்து தனக்கு வைத்திருப்பதாகச் சொல்லி மற்றவர்களைத் திகைக்க வைக்கிறாரா என்பதை நோயாளியிடமும் உறவினரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் கேட்க வேண்டும். ஏளனத்தின் சாயல் முகத்தில் வந்துவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த முறை வராது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டப்பட்டு 28 பேர் தீயில் மாண்ட பிறகு, தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் ஏற்பாட்டை அரசு செய்தது. அந்த ஏற்பாட்டில் உட்காரப்போகும் மருத்துவருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்க வேண்டாமா? தாளில் முகம் தெரியாது.

இனி மொழிக்கு வருகிறோம். நான்கு தேர்வாளர்களில் பாதிப்பேர் வெளியிலிருந்து வரவேண்டும், அதுவும் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்து என்பது ஆணையத்துக்கு முன் இருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. சலுகை காட்டாமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு என்ன? நோயாளி தமிழில் பேசுகிறார். வந்திருக்கும் தேர்வாளருக்குத் தெலுங்கோ கன்னடமோ இந்தியோதான் தெரியும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் போவதால், மாணவருக்கும் சில சமயம் தமிழ் தாய்மொழி இல்லை. இதே கதை தமிழ் மாணவர் ஒருவர் உத்தரப் பிரதேசத்தில் படிக்கும்போதும் நடக்கிறது. யாரையும் வெளியே நிறுத்த நாங்கள் இதைச் சொல்லவில்லை. மூன்றாண்டில் நோயாளியின் மொழியைக் கற்றுக்கொண்டவர்கள் நிறைய உண்டு. ஒரு ஜூனியரையோ செவிலியரையோ மொழிபெயர்க்க வைத்தே காலத்தை ஓட்டியவர்களும் உண்டு. இவர்கள் இருவரையும் வேறுபடுத்திப் பார்க்கும் வசதி தேர்வில் இல்லை என்பதே குறை.

சிந்தனை ஓட்டத்தில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க நோயாளியின் பேச்சை அவர் சொன்னபடியே நாலைந்து வரி எழுத வேண்டும் என்று கற்பிக்கிறோம். தமிழில் வினை கடைசியில் வரும். எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடுவோம். "போனேன், வந்தான், குடுத்தாங்க" என்று விகுதியே ஆளைக் காட்டிவிடும். தொடர்பறுந்து பேசும் ஒருவரின் பேச்சில் கோளாறு தெரிவது பெரும்பாலும் அந்த விகுதிகளில்தான்: 'அவன்' என்று தொடங்கியது 'வந்தாள்' என்று முடியும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது நல்ல மாணவர் தன்னையறியாமலே அதைச் சரிசெய்துவிடுகிறார். மேசைக்கு வரும்போது பேச்சு ஒழுங்காகிவிட்டிருக்கும்.

மனநிலைப் பரிசோதனையில் இன்னும் சில சடங்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. "ஸ்டாம்ப் ஒட்டின கவர் ஒண்ணு ரோட்டுல கிடந்தா என்ன பண்ணுவீங்க?" என்பது ஆளின் நிதானத்தைப் பார்க்கும் கேள்வி. கவரில் ஸ்டாம்ப் ஒட்டுவதையே பார்த்திராத பேரன் வயது நோயாளியிடமும் இது கேட்கப்படுகிறது. "எடுத்துப் பார்த்துட்டுப் போட்டுடுவேன்" என்றால் நிதானக் குறைவு என்று எழுதுகிறார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பள்ளிக்கே போகாதவரிடமும் நடக்கிறது. நாற்பதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிப்பது, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுவது, வார நாட்களைத் தலைகீழாகச் சொல்வது என்று படிப்புக்கேற்ப இறங்கி வரத் தெரிந்த மாணவரா என்பதைப் பார்த்தால்தான் அறிய முடியும். "கவனம் குறைவு" என்ற முடிவை மட்டும் கேட்டால் அது நோயா, தவறான கேள்வியா என்று பிரியாது.

எந்த நோயாளி தேர்வுக்கு வருகிறார் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமைதியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதை சொல்லக்கூடியவர், அறிகுறிகள் 'நன்றாக' இருப்பவர். அதனால் நாள்பட்ட சிஸோஃப்ரினியா, அடங்கி வரும் மேனியா (மிகையான மன எழுச்சி), குடி, ஓ.சி.டி. என்றே சுற்றிச் சுற்றி வருகிறது. பேச மறுக்கும் பதினாறு வயதுப் பெண், குழந்தை பெற்ற மூன்றாம் வாரத்தில் உறங்காமல் இருக்கும் தாய், மறதியோடு சந்தேகமும் சேர்ந்த முதியவர் ஆகியோர் வருவதே அரிது. பலமுறை தேர்வுக்கு வந்த நோயாளிகளுக்கு எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவார் என்பதுகூடத் தெரியும். சிலர் இரக்கப்பட்டு நோயின் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். இவர்களிடம் முறையாக ஒப்புதல் கேட்கப்படுகிறதா, அந்த ஒரு நாள் கூலிக்கு என்ன ஈடு என்பதும் விதியில் எங்கும் இல்லை.

சட்டத்தின் பக்கமும் இதே ஓட்டைதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018-ல் நடைமுறைக்கு வந்தது. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில், தானாகச் சேர முடியாத நோயாளியைப் பிரதிநிதியின் விண்ணப்பத்தில் சேர்ப்பது பற்றிய பிரிவைக் குறித்து "பிரிவு 89 என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார்கள், மாணவர் ஒப்பிக்கிறார். மாறாக இப்படி ஒரு நிலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள்: மேனியாவில் இருக்கும் 25 வயதுப் பெண், நான்கு நாளாகத் தூக்கமில்லை, அண்ணன் அழைத்து வந்திருக்கிறார், அந்தப் பெண் சேர்க்கைக்கு மறுக்கிறார். தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டிய அறிவுறுத்தல் எதுவும் எழுதி வைத்திருக்கிறாரா? தன் சார்பில் முடிவெடுக்கும் நியமனப் பிரதிநிதி என்று யாரையாவது பெயர் குறித்திருக்கிறாரா, இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வருவது யார்? முடிவெடுக்கும் திறனை எந்தக் கேள்விகளால் சோதிப்பீர்கள்? சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களிலோ ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். அந்த இன்னொருவர் இரவு பத்து மணிக்கு எங்கிருந்து வருவார்? மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை ஏழு நாளில் போக வேண்டும், பெண் என்பதால் மூன்று நாளில். சேர்க்கை அதிகபட்சம் 30 நாள். சிகிச்சை முடிவுகளைப் பிரதிநிதியே எடுக்க வேண்டிய நிலை என்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை திறனை மீண்டும் சோதித்து எழுத வேண்டும். பிரிவின் எண்ணைச் சரியாகச் சொன்னவர்களில் பலர் 'பெண் என்பதால் மூன்று நாள்' என்ற இடத்தில் தவறுகிறார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் அவர்களைப் படிவத்தை நிரப்பச் சொல்லிப் பார்த்ததில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் இதை எப்படி விளக்குகிறார் என்பதையும் பார்த்ததில்லை.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன? பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்யாட்ரிஸ்ட்ஸ் 2008-ல் லாங் கேஸைக் கைவிட்டு 'காஸ்க்' என்ற தேர்வுக்குப் போனது. இன்று அதில் 16 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு நிமிடம், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள், ஒவ்வொரு நிமிடத்தையும் பார்க்கும் தேர்வாளர். இதில் கவனிக்க வேண்டியது, கைவிடப்பட்ட பழைய லாங் கேஸிலேயே தேர்வாளர் முன்னிலையில் சுமார் பத்து நிமிடம் நோயாளியோடு பேசிக்காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் போதாது என்று தூக்கிப்போட்டதில் இருந்ததுகூட நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் வேறு வழி. அங்கே நிபுணர் சான்றிதழ் தரும் வாரியத்தின் வாய்மொழித் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பயிற்சியில் சேர்ந்தவர்கள் பயிற்சிக் காலத்திலேயே மூன்று முறை, முன்பின் பார்த்திராத உண்மையான நோயாளியிடம் ஒருவர் பார்க்க 30 நிமிடம் பேசி, பிறகு சுருக்கமாக அதைத் தொகுத்துச் சொல்லித் தேற வேண்டும். மூன்றையும் ஒரே தேர்வாளர் பார்க்கக் கூடாது. குறைந்தது இருவராவது பார்த்திருக்க வேண்டும். மூன்றும் தேறினால்தான் எழுத்துத் தேர்வுக்கே வழி.

நமக்குப் பொருந்துவது இரண்டாவது வழி என்பது எங்கள் முடிவு. ஏழு நிமிட நிலையங்களை மட்டும் வைத்தால், ஐந்தாவது நிமிடத்தில் "உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்ற வாக்கியத்தைச் சரியான இடத்தில் செருகக் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பயிற்சி வகுப்புகள் முளைக்கும். நடிகர்களைப் பயிற்றுவிக்கும் செலவை எல்லாக் கல்லூரிகளாலும் தாங்க முடியாது. 'ஓஸ்கி' (நிலையம் நிலையமாக நடக்கும் செய்முறைத் தேர்வு) என்ற பெயரில் ஒரு படத்தைக் காட்டி இது யார், ஒரு மாத்திரையைக் காட்டி இது என்ன என்று கேட்கும் கூத்துக்கும் நாங்கள் வரவில்லை. லாங் கேஸ் நல்ல தேர்வு. ஒரு முழு மனிதரின் கதையை ஒரு மணி நேரத்தில் கேட்டு, கோத்து, ஒரு முடிவுக்கு வருவது எங்கள் தொழிலின் உடம்பு. அதை எடுத்துவிடாதீர்கள். கதவைத் திறந்து உள்ளே வந்து உட்காருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நேரம் இல்லை என்பது முதல் ஆட்சேபமாக வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம். ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் செய்முறைத் தேர்வு கூடாது என்பது மருத்துவக் கவுன்சிலின் 2000-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. நான்கு தேர்வாளர்கள் இரண்டு ஜோடியாகப் பிரிந்தால் ஒரு ஜோடிக்கு நான்கு மாணவர்கள். மாணவர்களைக் கால் மணி நேர இடைவெளியில் உள்ளே அனுப்பினால், ஒவ்வொருவரையும் ஒரு ஜோடி 15 நிமிடம் பார்க்க ஆகும் மொத்த நேரம் ஒரு மணி. அந்த ஒரு மணி நேரம் இன்று மாணவர்கள் வார்டில் இருக்கும்போது தேர்வாளர்கள் சும்மா இருக்கும் நேரம்தான். அறையின் மூலையில் நோயாளியின் நேர்ப்பார்வையில் படாமல் உட்கார வேண்டும், நடுவே பேசக் கூடாது, நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். செலவு இரண்டு நாற்காலி.

பார்க்கும் தேர்வாளருக்கு மனம்போன போக்கில் மதிப்பெண் போடும் உரிமையும் இருக்கக் கூடாது. ஒரு பக்கத் தாள் போதும்: தன்னை அறிமுகம் செய்து, உறவினரைத் தக்க நேரத்தில் வெளியே இருக்கச் சொன்னாரா. திறந்த கேள்வியில் தொடங்கி, இடைமறிக்காமல் விட்டாரா. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர், நான் சொல்றேன்" என்று வரும் அப்பாவை எப்படிக் கையாண்டார். ஏதாவது ஓர் அறிகுறியை அடி வரை தோண்டினாரா. ஆபத்தைக் கேட்டாரா. ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் எழுதியிருக்க வேண்டும். தற்கொலைக் கேள்விக்கு உதாரணம்: கேட்கவே இல்லை என்றால் 0; எதிர்மறையாக ஒரே கேள்வியில் முடித்துவிட்டால் 1; எண்ணம், திட்டம், முன்பு முயன்றது ஆகியவற்றைப் படிப்படியாகக் கேட்டால் 2; தாங்கிப் பிடிக்கும் மனிதர்களையும் கேட்டு, அடுத்து என்ன செய்வோம் என்று நோயாளியோடு பேசி முடித்தால் 3. இரண்டு தேர்வாளர்களும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும்.

2015-16 தேசிய மனநல ஆய்வு, சிகிச்சையே கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை என்றது. தேர்வில் தேறிய மருத்துவர் அடுத்த மாதமே ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், ஆளுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காத வரிசைக்கு முன் தனியாக உட்காருவார். பக்கத்தில் கேட்டுக்கொள்ள மூத்தவர் யாரும் இருக்க மாட்டார். அந்த நாற்காலிக்கு அனுப்புமுன் ஒருமுறையாவது அவர் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

வாரியத்திடம் நாங்கள் கேட்பது:

எம்.டி. மனநல மருத்துவச் செய்முறைத் தேர்வின் லாங் கேஸில், மாணவர் நோயாளியிடம் பேசுவதைக் குறைந்தது 15 நிமிடம் இரண்டு தேர்வாளர்கள் நேரில் பார்த்து மதிப்பிடுவதைக் கட்டாயமாக்குங்கள். லாங் கேஸ் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பங்கில் தேறாதவர் மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் செய்முறையில் தேறியதாகக் கொள்ளக் கூடாது.

பார்க்கும் இருவரில் ஒருவருக்கேனும் நோயாளியின் மொழி தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர்த் தேர்வாளரும் வெளியூர்த் தேர்வாளரும் ஒரு ஜோடி என்று விதித்தாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும். மாணவர் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் அதையும் மதிப்பிடுங்கள்: நோயாளியைப் பார்த்துப் பேசுகிறாரா, மொழிபெயர்ப்பவரைப் பார்த்தா, சொன்னதைச் சுருக்காமல் அப்படியே சொல்லும்படி கேட்கிறாரா. வேற்று மாநிலத்தில் சேரும் மாணவர்களுக்கு முதல் ஆறு மாதத்துக்குள் வார்டு மொழிப் பயிற்சி தருவது கல்லூரியின் பொறுப்பாகட்டும்.

மூன்றாண்டில் மூன்று நேர்காணல்கள், ஒவ்வொன்றும் 30 நிமிடம், இருவேறு ஆசிரியர்களாவது பார்த்தவை, இறுதித் தேர்வுக்கு முன்தகுதியாக வேண்டும். ஒன்று மாவட்ட உறைவிடப் பயிற்சியின் மூன்று மாதத்தில் நடக்கட்டும். ஒன்றாவது குழந்தை, முதியவர், பிரசவத்துக்குப் பிந்தைய தாய் ஆகியோரில் ஒருவரோடு நடக்கட்டும். தேறாதவர் திரும்பச் செய்ய வரம்பு வேண்டாம். எங்கே தவறினார் என்று எழுத்தில் தருவது மட்டும் கட்டாயம்.

வைவாவின் ஒரு மேசையில் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி ஒரு சேர்க்கையை ஆவணங்களோடு செய்து காட்டச் சொல்லுங்கள். பிரிவு எண்களைக் கேட்பதை நிறுத்துங்கள்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பது: மதிப்பெண் தாளின் மாதிரியைத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே மாணவர்களுக்குத் தெரியும்படி வெளியிடுங்கள். தேர்வுக்கு வரும் நோயாளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பாதியில் போக விரும்பினால் போகலாம் என்று சொல்லுங்கள், அன்றைய கூலியையும் பயணச் செலவையும் கொடுங்கள். ஒரே நாளில் ஒரு நோயாளியை இரண்டு மாணவர்களுக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

இவற்றில் முதல் கோரிக்கைக்குப் புதிய விதித் திருத்தம்கூடத் தேவைப்படாது, ஒரு சுற்றறிக்கை போதும் என்று நினைக்கிறோம். அடுத்த செய்முறைத் தேர்வுக்கு முன் அதை அனுப்புங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
மனநல மருத்துவம் கற்பிப்பவர்களும் பயில்பவர்களுமாகச் சிலர்